வெளிநாட்டில் இருக்கும் உறவினரைக் கடத்திவைத்துப் பணம் கேட்கிறார்கள்: குடும்பம் யாரை, எப்படி அணுக வேண்டும்?

2025 நவம்பர் 6 அன்று மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியில், கோப்ரி என்னும் ஊருக்கு அருகே மின்மயமாக்கல் பணியில் இருந்த ஐந்து இந்தியர்களை ஆயுதக் குழுவினர் கடத்திச் சென்றார்கள். அவர்கள் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து வேலைக்குப் போனவர்கள். அதே ஆண்டு மே மாதம், ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவதாகச் சொல்லி ஏஜென்ட்டுகள் ஈரான் வழியாக ஏற்றிவிட்ட பஞ்சாப் இளைஞர்கள் மூவர் தெஹ்ரானில் இறங்கியதும் காணாமற்போனார்கள். பணம் கேட்கும் அழைப்புகளும், அவர்கள் கட்டிவைக்கப்பட்டிருந்த காணொளிகளும் ஊரில் இருந்த வீடுகளுக்கு வந்தன. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தும் வளாகங்களுக்குள் அடைபட்டவர்களிடமும் அவர்களுடைய குடும்பங்களிடமும் விடுதலைக்கு விலை பேசப்படுவது 2022 முதலே நம்மவர்கள் அறிந்த செய்தி.

இம்மூன்றும் வெவ்வேறு வகைக் கடத்தல்கள். முதலாவதில் எதிரே இருப்பது ஆயுதக் குழு. இரண்டாவதில் ஏஜென்ட்டுகளோடு தொடர்புடைய கூலிக் கும்பல். மூன்றாவதில் ஆள்களை விலைக்கு வாங்கி விற்கும் ஒரு தொழில். ஆனால் ஊரில் தொலைபேசியை எடுத்துப் பேசுகிற தாய்க்கோ அண்ணனுக்கோ முதல் சில மணி நேரத்தில் செய்ய வேண்டியவை ஏறக்குறைய ஒன்றேதான். பேசுவதற்கு ஒரே ஆள், எழுதுவதற்கு ஒரே நோட்டு, தெரிவிக்க வேண்டியவர்களுக்கெல்லாம் எழுத்து வடிவில் தகவல் என்ற இந்த மூன்றையும் குடும்பம் கைவிடாமல் இருந்தால், மீட்கும் வேலையைச் செய்யக்கூடியவர்கள் அதைச் செய்வதற்கு இடம் கிடைக்கும்.

அழைப்பு வந்தவுடன்

அழைத்தவரிடம் எதையும் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். "எங்களால் முடிந்ததைச் செய்கிறோம், அவரைப் பத்திரமாக வைத்திருங்கள், அவரோடு பேச வேண்டும்" என்ற மூன்று செய்திகளுக்கு மேல் முதல் அழைப்பில் சொல்வதற்கு எதுவும் இல்லை. வீட்டை விற்கிறோம், நகையை அடகு வைக்கிறோம், மாமா துபாயில் இருக்கிறார், அவர் அனுப்புவார் என்று அழுகையில் வந்துவிழும் ஒவ்வொரு சொல்லும் எதிர்ப்பக்கத்தில் விலையை உயர்த்தும் கணக்காக மாறிவிடுகிறது. அதேபோல, போலீசுக்குப் போவோம், அமைச்சரைத் தெரியும் என்று மிரட்டுவதாலும் பயனில்லை. அடைபட்டிருப்பவர்தான் அதற்கான அடியை வாங்குவார்.

குடும்பத்தில் யார் பேசுவது என்பதை அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். தாயும் மனைவியும் பேசத் துடிப்பது இயல்பே. ஆனால் எதிரே இருப்பவர்கள் அந்தத் துடிப்பைத்தான் குறிவைக்கிறார்கள் என்பதால், நிதானமாகப் பேசக்கூடிய ஒரு மைத்துனரோ சித்தப்பாவோ இந்தப் பொறுப்பை ஏற்பது நல்லது. அவர் எடுக்க முடியாத நேரத்துக்கு மாற்றாக இன்னொருவர் போதும், மூன்றாமவர் வேண்டாம். அழைப்பு வந்த எண்ணையோ கைப்பேசியையோ மாற்றாதீர்கள். ரீசார்ஜ் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கைப்பேசி எப்போதும் சார்ஜில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் செய்திகள் சில நேரம் தாமாகவே அழிந்துவிடும்படி அனுப்பப்படுகின்றன. ஆகவே ஒவ்வொன்றையும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்; ஒரு முறை மட்டுமே பார்க்கக்கூடிய படமாக இருந்தால் திறப்பதற்கு முன்பே இன்னொரு கைப்பேசியால் படம்பிடிக்க ஆயத்தமாகிக்கொள்ளுங்கள்.

ஒரு கோடுபோட்ட நோட்டை இதற்கென்றே ஒதுக்குங்கள். தேதி, இந்திய நேரம், வந்த எண், பேசியவரின் மொழி, எத்தனை நிமிடம், கேட்ட தொகை, எந்த நாணயம், எந்த வழியில் அனுப்பச் சொன்னார், கெடு வைத்தாரா, பின்னணியில் கேட்ட ஓசை என்ன என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பாங்கு ஓசையோ, ரயில் சத்தமோ, ஜெனரேட்டர் இரைச்சலோ, பக்கத்தில் யாரோ இந்தியிலோ தமிழிலோ பேசியதோ புலனாய்வு செய்பவருக்கு எப்போது உதவும் என்று உங்களால் இப்போது சொல்ல முடியாது. அழைப்பைப் பதிவுசெய்ய முடிந்தால் செய்யுங்கள். அந்தப் பதிவை உறவினர் குழுக்களில் பகிராதீர்கள்.

உண்மையிலேயே கடத்தப்பட்டாரா?

இந்தக் கேள்வியைக் கேட்பது இரக்கமின்மை ஆகாது. யாரையும் கடத்தாமலேயே, "உன் மகன் எங்களிடம் இருக்கிறான்" என்று பதறவைத்துப் பணம் பறிக்கும் மோசடி இன்று பரவலாக இருக்கிறது. செயற்கை நுண்ணறிவால் ஒருவருடைய குரலைப் போலவே அழச் செய்யவும் முடிகிறது. எனவே உங்கள் உறவினருடைய எண்ணுக்கு ஒரு முறை அழைத்துப் பாருங்கள். உடன் தங்கியிருப்பவர், வேலை செய்யும் நிறுவனம், அந்த ஊரில் உள்ள தமிழ்ச் சங்க நண்பர்கள் ஆகியோரிடம் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். கடத்தல் என்ற சொல்லைப் பரப்பாமலே இதைக் கேட்க முடியும்.

அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று கேட்பது உங்கள் உரிமை. ஒவ்வொரு கட்டத்திலும் அதைத் திரும்பக் கேட்கலாம். படம் போதாது, ஏனெனில் அது எப்போது எடுத்ததென்று தெரியாது. அவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய, முகநூலில் எங்கும் இல்லாத ஒரு கேள்வியைக் கொடுத்துப் பதில் வாங்கி வரச் சொல்லுங்கள்: அம்மாச்சி வீட்டில் இருந்த முதல் பசுவை என்ன பெயர் சொல்லி அழைப்போம், எட்டாம் வகுப்பில் எந்த மரத்திலிருந்து விழுந்தான் என்பது போல. சரியான பதில் வந்தால் அந்த நாளில் அவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரியும். அவரோடு நேரடியாகப் பேசக் கிடைத்தால், எங்கே இருக்கிறாய் என்று கேட்டு அவரை ஆபத்தில் தள்ள வேண்டாம். சாப்பிட்டாயா, காயம் இருக்கிறதா, மருந்து கிடைக்கிறதா என்பதை மட்டும் கேளுங்கள்.

தெரிவிக்க வேண்டிய இடங்கள்

முதலாவது அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகம். ஒவ்வொரு தூதரகத்தின் இணையதளத்திலும் அவசரத்துக்கான எண் இருக்கிறது. அழைப்பதோடு நிற்காமல் மின்னஞ்சலும் அனுப்புங்கள். சில நாடுகளில் தூதரகம் இருக்காது, அண்டை நாட்டுத் தூதரகமே அதையும் கவனிக்கும். சோமாலியாவை நைரோபியில் உள்ள இந்தியத் தூதரகம் கவனிப்பது போல. வெளியுறவு அமைச்சகம் 2015 பிப்ரவரியில் தொடங்கிய 'மதத்' என்னும் இணையதளத்தில் குறையைப் பதிவுசெய்தால் ஓர் எண் கிடைக்கும். பிறகு யாரிடம் பேசினாலும் அந்த எண்ணைச் சொல்லலாம் என்பதே அதன் பெரிய பயன். இணையம் கைவராதவர்களுக்கு, வெளிநாட்டு இந்தியர்களுக்கான மத்திய அரசின் உதவி மையமான பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரத்தின் கட்டணமில்லா எண் 1800 11 3090 இருக்கிறது.

அனுப்பும் மின்னஞ்சல் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். முழுப்பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், அந்நாட்டுத் தொலைபேசி எண், வேலை செய்யும் நிறுவனம், அனுப்பிய ஏஜென்ட், கடைசியாகப் பேசிய நாள், வந்த மிரட்டல், அவருக்குள்ள நோய்கள், உங்கள் தொடர்பு எண் ஆகியவை அதில் வேண்டும். பாஸ்போர்ட் நகலும் அண்மைக்காலப் படமும் இணைப்பாகப் போகட்டும். நடந்த கதையைப் பத்துப் பக்கத்துக்கு எழுதினால் அவசர வேலையில் இருக்கும் அதிகாரி முக்கியமானதைத் தேடிக் களைத்துப்போவார்.

இரண்டாவது காவல் துறை. இங்கேதான் பல குடும்பங்கள் தயங்குகின்றன. "வெளிநாட்டில் நடந்ததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்" என்று நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவதும் உண்டு. அந்தப் பதிலோடு வீடு திரும்பாதீர்கள். பணம் கேட்டுக் கடத்துவது இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 140(2) பிரிவின்படி மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம். மிரட்டல் வந்து சேர்ந்த இடம் உங்கள் ஊர். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்தது என்று பார்க்காமல் தகவலைப் பதியச் சொல்கிறது. வெளிநாட்டில் நடந்த குற்றத்துக்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் கட்டத்துக்கு உரியது; புகாரைப் பெற அது தடையாகாது. முதல் தகவல் அறிக்கை பதிய மறுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்கிக்கொண்டு, அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அதற்கும் அதே பிரிவில் வழி இருக்கிறது.

இன்டர்போலுக்கு நாமே எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இன்டர்போல் தனிமனிதர்களின் புகாரை எடுத்து விசாரிக்கும் அமைப்பு அன்று; இந்தியாவில் அதன் தொடர்பு அலுவலகம் சி.பி.ஐ.யிடம் இருக்கிறது, மாநிலக் காவல் துறை கேட்டால்தான் அந்த வழி திறக்கும். இதனாலும் உள்ளூர் நிலையத்துப் புகார் எண் வேண்டியதாகிறது.

மூன்றாவது, தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம். அதன் கட்டணமில்லா எண் இந்தியாவுக்குள் 1800 309 3793. 2022 அக்டோபரில் மியாவடியிலிருந்து மீட்கப்பட்டுச் சென்னை திரும்பிய 13 தமிழர்களின் விஷயத்தில் மாநில அரசும் மத்திய அரசும் சேர்ந்து இயங்கின என்பதை நினைவில் வைக்கலாம். மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுப்பதும் பயன் தரும், ஆனால் திங்கட்கிழமைக் குறைதீர் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். இது வரிசையில் நிற்கும் மனு அல்ல. தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வெளியுறவு அமைச்சருக்கு எழுதும் கடிதம் கோப்பை நகர்த்தும். அவரிடமும் அதே ஒரு பக்கக் கடிதத்தைக் கொடுங்கள். இடத்துக்கு இடம் விவரம் மாறினால் குழப்பம் உங்களுக்குத்தான்.

வேலை கொடுத்த நிறுவனத்தை விட்டுவிடக் கூடாது. ஆபத்தான நாடுகளில் ஆள்களை அமர்த்தும் சில நிறுவனங்கள் கடத்தலுக்கான காப்பீடு எடுத்திருக்கும். அதில் பேச்சுவார்த்தைக்குப் பயிற்சி பெற்றவர்களின் உதவியும் அடங்கும். அப்படி ஒரு காப்பீடு இருக்கிறதா என்பதை நிறுவனம் வெளியில் சொல்லாது, சொல்லவும் கூடாது; தெரிந்தால் தொகை ஏறும். நீங்கள் அறிந்தாலும் வாய் திறக்காதீர்கள். நிறுவனம் பேச்சுவார்த்தையில் இறங்கிவிட்டால், குடும்பம் தனியாக இன்னொரு பேரத்தைத் தொடங்கக் கூடாது. இரண்டு கடைகள் திறந்திருந்தால் விற்பவனுக்குக் கொண்டாட்டம்.

பணம்

கொடுக்கலாமா, கூடாதா என்று வெளியில் இருந்து எழுதுகிறவர் தீர்ப்புச் சொல்வது எளிது. பிள்ளையின் அலறலைக் கேட்ட பிறகு கொடுக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கொடுத்துவிட்டால் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு உறுதியற்றது என்பதற்கு 'அஸ்பால்ட் வெஞ்சர்' கப்பல் சான்று. 2010 செப்டம்பரில் சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்த அந்தக் கப்பலுக்கு 2011 ஏப்ரலில் பிணைத்தொகை கொடுக்கப்பட்டது. கப்பலை விட்டார்கள், இந்தியர்களில் சிலரையும் விட்டார்கள், ஏழு பேரை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு, இந்தியக் கடற்படையிடம் சிக்கிய தங்கள் ஆள்களைக் கேட்டார்கள். அந்த ஏழு பேரும் விடுதலையானது 2014 அக்டோபரில். மோசடி வளாகங்களிலோ, பணம் வாங்கிய பிறகு ஆளை அடுத்த நிறுவனத்துக்கு விற்றுவிடுவதும் நடக்கிறது.

இந்திய அரசு குடும்பத்துக்காகப் பிணைத்தொகை கொடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தூதரகங்களிடம் உள்ள இந்தியச் சமூக நல நிதி தங்குமிடம், பயணச்சீட்டு, சில அபராதங்கள் போன்றவற்றுக்கு உதவும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீடு விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தருவது. பிணைத்தொகைக்கு அது உதவாது.

சட்டத்தையும் கருத வேண்டும். கடத்தியது ஐ.நா. பாதுகாப்பு அவை தடைசெய்த ஆயுதக் குழுவாக இருந்தால், அதற்குப் பணம் போய்ச் சேர்வது சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் கீழ் சிக்கலாகலாம். உண்டியல், ஹவாலா வழியாக அனுப்புவது தனியாக ஒரு குற்றம். ஆகவே ஒரு ரூபாய் அனுப்புவதற்கு முன்பும் புலனாய்வு அதிகாரியிடமும் ஒரு வழக்குரைஞரிடமும் பேசுங்கள். பேரம் பேசும் நிலை வந்தால், தொகையை மெதுவாகவே ஏற்றுங்கள். இரண்டு நாளில் ஐந்து லட்சம் இருபது லட்சமானால், இன்னும் இருக்கிறது என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இந்திய வங்கிக் கணக்குக்கோ யு.பி.ஐ.க்கோ போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து, பரிவர்த்தனை எண்ணைச் சொல்லுங்கள். சில மணி நேரத்துக்குள் சொன்னால் அந்தப் பணத்தை முடக்க வாய்ப்பிருக்கிறது. யு.எஸ்.டி.டி. போன்ற கிரிப்டோ நாணயமாக அனுப்பியிருந்தால் பெறுபவரின் வாலட் முகவரியை எழுத்துப் பிசகாமல் பாதுகாத்துவையுங்கள். அடிக்கடி திரும்பும் ஒரே முகவரி பல வழக்குகளை இணைக்கும் நூலாக இருக்கக்கூடும்.

ஏஜென்ட்

அனுப்பிவைத்த ஏஜென்ட் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார்; பக்கத்துத் தெருக்காரராக, சில நேரம் சொந்தக்காரராகவே இருப்பார். "நான் பேசி முடித்துத் தருகிறேன், போலீசுக்குப் போகாதீர்கள்" என்று அவர் சொல்லும்போது நம்பிவிடத் தோன்றும். அவரும் ஏமாந்தவராக இருக்கலாம், பங்குதாரராகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலையில்லை. அவரை அடிப்பதும் வீட்டைச் சூழ்வதும் அவர் எண்ணை அணைத்துவிட்டுத் தலைமறைவாகவே உதவும். அவருடைய விளம்பரம், வாங்கிய பணத்துக்கான ரசீது, ஜிபே பதிவு, பயணச்சீட்டு அனுப்பிய மின்னஞ்சல் ஆகியவற்றை அமைதியாகத் திரட்டிப் புகாரோடு கொடுங்கள். தொடக்கத்தில் சொன்ன தெஹ்ரான் நிகழ்வில் பஞ்சாபிலேயே ஏஜென்ட்டுகள் மீது வழக்குப் பதிவானது. தூதரகம் ஈரானிய அதிகாரிகளை வற்புறுத்திவந்தது. 2025 ஜூன் தொடக்கத்தில் தெஹ்ரான் காவல் துறை மூவரையும் மீட்டது. இரண்டு முனைகளும் ஒரே காலத்தில் இயங்கியது கவனிக்கத்தக்கது.

கப்பலில் இருப்பவர், வேறு நாட்டுக் குடிமகன்

கப்பல் பணியாளர் என்றால் மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்துக்கும், அவரை ஏற்றிவிட்ட உரிமம் பெற்ற ஆள்சேர்ப்பு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். 2020 டிசம்பர் 26 முதல் நடைமுறையில் உள்ள கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத் திருத்தத்தின்படி, கொள்ளையரிடம் பிணையாக இருக்கும் காலம் முழுவதும் அவருடைய ஊதியம் நிற்கக் கூடாது. மாதச் சம்பளம் வராவிட்டால் கேட்டு எழுதுங்கள்.

தூதரக உதவி பிறந்த ஊரைப் பார்ப்பதில்லை, பாஸ்போர்ட்டைத்தான் பார்க்கிறது. கனடாவின் குடியுரிமை பெற்றவர் என்றால் ஒட்டாவாவில் இருக்கும் அந்நாட்டு வெளியுறவுத் துறையின் அவசர மையம்தான் முதன்மை; இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை அதை மாற்றாது. இலங்கைக் குடிமக்களின் குடும்பங்கள் கொழும்பில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவையும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற எண்ணையும் அணுகலாம்.

செய்தியாளர்கள் வாசலில் நிற்கும்போது

ஊடகம் இருமுனைக் கத்தி என்று எல்லாரும் சொல்வார்கள். எந்த முனை எப்போது வெட்டும் என்பதுதான் கேள்வி. பேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது தொலைக்காட்சியில் தோன்றும் தாயின் கண்ணீர் கடத்தியவனுக்குச் சரக்கின் மதிப்பைச் சொல்கிறது. மாதக்கணக்கில் எந்த அசைவும் இல்லாத வழக்கில் அதே கண்ணீர் அதிகாரிகளை எழுப்பவும் செய்கிறது. புலனாய்வு அதிகாரியிடமும் தூதரகத்திடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எப்படியிருந்தாலும் அடைபட்டிருப்பவருடைய முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்களில் வீடு, கார், சீருடைப் படங்கள், மதம் அல்லது அரசியல் பேசும் பதிவுகள் பொதுப் பார்வையில் இருந்தால் அவற்றைப் பற்றி அதிகாரியிடம் கேட்டு மறைத்துவிடுங்கள். செய்தி வெளியானதும் "நான் அங்கே இருக்கிறேன், இரண்டு லட்சம் கொடுத்தால் கூட்டி வருகிறேன்" என்று புதியவர்கள் அழைப்பார்கள். அவர்களிடமும் அதே பசுவின் பெயரைக் கேளுங்கள்.

நாள்கள் நீளும்

சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த இயேசு சபைப் பாதிரியார் அலெக்சிஸ் பிரேம்குமார் ஆப்கானிஸ்தானின் ஹெராத் பகுதியில் 2014 ஜூன் 2 அன்று கடத்தப்பட்டு, 2015 பிப்ரவரியில்தான் விடுவிக்கப்பட்டார். எட்டு மாதங்களுக்கும் மேல். இவ்வளவு காலம் ஒரு குடும்பம் தூங்காமல் காத்திருக்க முடியாது. வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நேரத்தில் தூதரகத்துக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும் நினைவூட்டும் மின்னஞ்சல் அனுப்புங்கள். மற்ற நேரத்தில் கைப்பேசியை முறைவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அழைப்பு வராத வாரங்கள் கெட்ட அறிகுறி என்று கொள்ள வேண்டியதில்லை. மௌனமும் பேரத்தில் ஓர் உத்திதான். அவர் பெயரில் உள்ள கடன் தவணைகளை வங்கியிடம் எழுத்தில் தெரிவித்து அவகாசம் கேட்பது, வேறு யாரும் நினைவூட்டாத, ஆனால் செய்ய வேண்டிய வேலை. மனம் தாங்காதபோது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம்.

வெளியே வந்த பிறகு

பாஸ்போர்ட் பறிபோயிருந்தால் தூதரகம் நாடு திரும்புவதற்கான அவசரச் சான்றிதழ் தரும். ஆனால் அந்நாட்டிலிருந்து வெளியேறும் அனுமதிக்குத் தனியாக நாள்கள் ஆகும். விசா காலம் கடந்ததற்கான அபராதமும் இருக்கும். மியாவடியிலிருந்து வந்தவர்கள் தாய்லாந்தின் மே சோட் நகரில் விசாரணை முடியும்வரை தங்க வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் அங்கிருந்துதான் ஏற்றிவந்தன. ஊர் வந்து இறங்கும்போதும் காவல் துறை விசாரிக்கும். மோசடி வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டவர் நடந்ததை மறைக்காமல் சொல்வதே அவருக்குப் பாதுகாப்பு. முடிந்தால் வழக்குரைஞரை உடன் வைத்துக்கொள்ளலாம்.

முழு உடல் பரிசோதனை அந்த வாரத்திலேயே நடக்கட்டும். அடித்த தழும்புகளும் எடைக் குறைவும் மருத்துவ அறிக்கையில் பதிவாக வேண்டும். பார்க்க வரும் உறவினர்கள் கதை கேட்க வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிட ஒருவர் இருக்கட்டும். அந்த நோட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்: முழுவதையும் நகலெடுத்து, மூலத்தைப் புலனாய்வு அதிகாரியிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், ஏஜென்ட் மீதான வழக்கு விசாரணைக்கு வரும்போது, எந்த நாளில் யார் எவ்வளவு கேட்டார் என்று நீதிமன்றத்தில் சொல்வதற்கு அது வேண்டும்.